லிஸ்பெத் சலாண்டரை இனி யார் எழுதுவது?

வாரப்பத்திரிகை ஒன்றில் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்த என் நண்பர் ஒருவர், 19ஆவது அத்தியாயத்தை அனுப்பிய மறுவாரம் காலமானார். எட்டுச் செலவுக்குப் போயிருந்தபோது அவருடைய மனைவி ஒரு சி.ஆர். கொப்பியைக் கொண்டுவந்து என் கையில் தந்தார். பத்திரிகை ஆசிரியர் என்னோடு ஏற்கெனவே தொலைபேசியில் பேசியிருந்தார். இன்னும் ஐந்தாறு அத்தியாயம்தான், அவரோடு பழகியவன் நான், முடித்துக் கொடுத்தால் வாசகர்களுக்கும் நிம்மதி என்றார். கொப்பியின் பின்பக்கத்தில் 1இலிருந்து 24 வரை இலக்கமிட்டு ஒவ்வொன்றுக்கும் எதிரே ஓரிரு சொற்கள் எழுதியிருந்தார். 20க்கு எதிரே "கடிதம் வருகிறது" என்று மட்டும் இருந்தது. யாருடைய கடிதம் என்று இல்லை. 21இலிருந்து ஒன்றுமே இல்லை.

ஒப்புக்கொள்வதா விடுவதா என்று தெரியாமல் இருந்த அந்த நாட்களில்தான், இறந்துபோன எழுத்தாளர்களின் தொடர்களை வேறு ஆட்கள் எழுதிய வரலாற்றைத் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். உலகம் முழுவதும் இது ஒரு பெரிய தொழிலாகவே நடக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. படித்தவற்றில் என்னை அதிகம் அலைக்கழித்தது சுவீடனில் நடந்த கதை.

ஸ்டீக் லார்சன் ஒரு பத்திரிகையாளர். 1995இல் தொடங்கப்பட்ட 'எக்ஸ்போ' சஞ்சிகையின் நிறுவனர்களில் ஒருவர். நவநாசிகளையும் இனவாதக் குழுக்களையும் பின்தொடர்ந்து அம்பலப்படுத்துவதே அந்தச் சஞ்சிகையின் வேலை. அதனால் கொலை மிரட்டல்கள் அவருக்குப் பழகிப்போயிருந்தன. பகலில் இந்த வேலை, இரவில் துப்பறியும் நாவல். மூன்று நாவல்களை எழுதி ஸ்டொக்ஹோமிலுள்ள நோர்ஸ்டெட்ஸ் பதிப்பகத்திடம் ஒப்படைத்திருந்தார். 2004 நவம்பர் 9ஆம் திகதி அலுவலகக் கட்டடத்தில் லிப்ட் வேலை செய்யவில்லை. ஏழு மாடியும் படியேறிப் போனவருக்கு மாரடைப்பு வந்தது. வயது 50. 2005, 2006, 2007 என்று ஆண்டுக்கொன்றாக வந்த அந்த மூன்று நாவல்களில் ஒன்றைக்கூட அவர் அச்சில் பார்க்கவில்லை.

'மில்லேனியம்' என்று அழைக்கப்படும் அந்தத் தொடரின் நாயகி லிஸ்பெத் சலாண்டர். முதுகில் டிராகன் பச்சை குத்தியவள், யாருடைய கணினிக்குள்ளும் புகக்கூடியவள், சிறுவயதிலிருந்து ஆண்களாலும் அரசாங்கத்தாலும் வதைக்கப்பட்டவள், வதைத்தவர்களை மன்னிக்காதவள். அவளோடு மிக்கேல் புளூம்க்விஸ்ட் என்ற பத்திரிகையாளர். முதல் நாவலின் சுவீடிஷ் தலைப்புக்குப் 'பெண்களை வெறுக்கும் ஆண்கள்' என்று பொருள். அதன் பகுதிகளுக்கு முன்னால் சுவீடனில் பெண்கள் மீதான வன்முறை பற்றிய புள்ளிவிபரங்களை லார்சன் போட்டிருந்தார். ஆங்கிலத்துக்குப் போனபோது தலைப்பு டிராகன் பச்சை குத்திய பெண்ணைப் பற்றியதாக மாறியது. கோபம் போய்ப் பச்சை குத்திய முதுகு அட்டைக்கு வந்தது என்று எனக்குத் தோன்றும். 2015ஆம் ஆண்டளவில் மூன்று நாவல்களும் சேர்ந்து 8 கோடிப் பிரதிகள் விற்றிருந்ததாகச் செய்திகள் வந்தன.

இந்தச் சொத்து யாருக்குப் போனது என்பதில்தான் சிக்கல்.

லார்சனும் ஏவா கேப்ரியல்சன் என்ற கட்டடக் கலைஞரும் 1972இல் வியட்நாம் போருக்கு எதிரான கூட்டமொன்றில் சந்தித்தவர்கள். அவர் இறக்கும்வரை ஏறக்குறைய 30 ஆண்டுகள் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். பிள்ளைகள் இல்லை. திருமணம் பதிவு செய்யவில்லை. பதிவு செய்தால் முகவரி பொதுப் பதிவேட்டில் வந்துவிடும், கொல்லத் தேடுபவர்களுக்கு அது வழிகாட்டும் என்பதே காரணம் என்று ஏவா பின்னர் விளக்கினார். சுவீடன் சட்டத்தில் திருமணமாகாமல் சேர்ந்து வாழும் துணைக்கு வாரிசுரிமை கிடையாது. பிள்ளைகள் இல்லாவிட்டால் பெற்றோருக்கும், பெற்றோரில் ஒருவர் இல்லாவிட்டால் அவருடைய பங்கு உடன்பிறந்தவர்களுக்கும் போகும். லார்சனின் தாய் முன்னரே இறந்துவிட்டார். ஆகவே எல்லாம் தந்தைக்கும் தம்பிக்கும் போயின. ஏவா வாழ்ந்துகொண்டிருந்த வீட்டில் லார்சனுக்குரிய பாதியும் அதில் அடக்கம். அதைப் பின்னர் அவர்கள் ஏவாவுக்கே கொடுத்தார்கள்.

லார்சன் ஒரு மரணசாசனம் எழுதாமலும் இல்லை. 1977இல், 22 வயதில், ஆபிரிக்காவுக்குப் புறப்படுமுன் ஒரு கடதாசியில் தன் உடைமைகளை ஊமியோ நகரத்துக் கம்யூனிஸ்ட் தொழிலாளர் அமைப்பின் கிளைக்கு எழுதிவைத்திருந்தார். அவர் இறந்த பின்னர்தான் அது வெளியே தெரிந்தது. சாட்சிகள் கையெழுத்திடாததால் செல்லாது. சுவீடனில் தேவைப்படுவது இரண்டே இரண்டு சாட்சிகள்.

2009இல் தந்தையும் தம்பியும் ஏவாவுக்கு 2 கோடி குரோனர் தருவதாக முன்வந்தார்கள். அவர் வாங்கவில்லை. எழுத்து மீதான பொறுப்புத்தான் வேண்டும் என்றார். என்னதான் இருந்தாலும் பணத்தை வாங்கியிருக்கலாமே என்று முதல் முறை வாசித்தபோது நானும் நினைத்தேன். அவர் 2011இல் எழுதிய நினைவுநூலைப் பற்றி அறிந்த பிறகு அப்படி நினைக்கவில்லை. நான்காவது நாவலின் சுமார் 200 பக்கங்கள் லார்சனின் மடிக்கணினியில் இருந்ததாகவும், தன்னிடம் உரிமை இருந்தால் அதைத் தானே முடிக்க முடியும் என்றும் அவர் சொல்லியிருந்தார். லார்சன் பத்துப் புத்தகங்கள் எழுத எண்ணியிருந்தார் என்று நண்பர்களும் சொன்னார்கள்.

2013 டிசம்பரில் நோர்ஸ்டெட்ஸ் வேறொருவரை அறிவித்தது. டேவிட் லாகர்கிரான்ஸ் பத்திரிகையாளர், நாவலாசிரியர். உதைபந்தாட்ட வீரர் ஸ்லாட்டான் இப்ராகிமோவிச்சின் வாழ்க்கைக் கதையை அவருக்காக எழுதிக் கொடுத்துப் புகழ்பெற்றவர். அதாவது இன்னொருவருடைய குரலில் எழுதிப் பழகியவர். அந்த 200 பக்கங்களை அவர் தொடவில்லை. கதை முழுக்கப் புதிது. கசிந்துவிடாமல் இருக்க இணையத்தோடு இணைக்காத கணினியில் எழுதினார். 2015 ஓகஸ்ட் 27இல் புத்தகம் பல நாடுகளில் ஒரே நாளில் வெளிவந்தது. தங்களுக்கு வரும் வருமானத்தை 'எக்ஸ்போ'வுக்குக் கொடுப்பதாகத் தந்தையும் தம்பியும் அறிவித்திருந்தார்கள். இதையும் சொல்லாமல் அவர்களைப் பேராசைக்காரர்கள் என்று எழுதுவது நியாயமில்லை. ஏவாவோ இந்த ஏற்பாட்டை வெளிப்படையாகவே கண்டித்தார்.

லாகர்கிரான்ஸின் நாவலைக் கொழும்பில் வாங்கிப் பல மாதங்கள் திறக்காமல் வைத்திருந்தேன். திறந்த பிறகு இரண்டு இரவுகளில் முடித்துவிட்டேன். திறமையான வேலை. லார்சன் தன் நாவல்களில் சலாண்டருக்குக் கமிலா என்றொரு இரட்டைச் சகோதரி இருப்பதாகச் சொல்லிவிட்டு, அவளை மேடைக்கே கொண்டுவராமல் போயிருந்தார். லாகர்கிரான்ஸ் அந்த நூலைப் பிடித்துக்கொண்டார். தொடரை நன்றாக வாசித்தவர்தான் அப்படிச் செய்ய முடியும். ஆனால் லார்சனிடம் ஒவ்வொரு கொடுமைக்கும் ஓர் அலுவலகம், ஒரு கோப்பு, அதில் கையெழுத்திட்ட ஓர் அதிகாரி இருப்பார். வாசிக்கும்போது நமக்குத் தெரிந்த கந்தோர்கள் நினைவுக்கு வரும். புதிய நாவலில் உளவு நிறுவனங்களும் கணினி மேதைகளும் வந்தார்கள், அந்தக் கோப்பு வரவில்லை. இது என் வாசிப்பு. விரும்பியவர்களும் நிறையப் பேர். லாகர்கிரான்ஸ் 2019இல் ஆறாவது நாவலோடு தன் பங்கை முடித்துக்கொண்டார். பிறகு உரிமை வேறு பதிப்பகத்துக்குப் போனது. 2022இல் காரின் ஸ்மிர்னோஃப் ஏழாவது நாவலை எழுதினார். வதைபட்ட பெண்ணின் கதையை, தொடரில் முதன்முறையாக ஒரு பெண் எழுதினார்.

இதற்கு நேரெதிரான ஒரு கதை அமெரிக்காவில் நடந்தது. ரொபர்ட் ஜோர்டன் என்ற பெயரில் எழுதிய ஜேம்ஸ் ரிக்னி 1990இல் 'தி வீல் ஒஃப் டைம்' என்ற மாயாஜாலத் தொடரைத் தொடங்கினார். பதினொரு பெரிய புத்தகங்கள் வந்தும் கதை முடியவில்லை. 2006இல் தனக்கு இதயத்தைப் பாதிக்கும் அரிய நோய் இருப்பதை வாசகர்களுக்கு அவரே அறிவித்தார். இறுதிக் காலத்தில் கதையின் மீதியைக் குடும்பத்தாருக்குச் சொல்லிப் பதிவு செய்துவைத்தார். கடைசிக் காட்சியை எழுதியே வைத்திருந்தார். 2007 செப்டெம்பர் 16இல் இறந்தார்.

அவருடைய மனைவி ஹரியட் மெக்டூகல்தான் அவருடைய பதிப்பாசிரியரும். உரிமையும் அவரிடம், கதையின் ஒவ்வொரு வரியையும் திருத்திய அனுபவமும் அவரிடம். ஏவாவுக்குக் கிடைக்காதது இவருக்குக் கிடைத்தது. பிரண்டன் சாண்டர்சன் என்ற இளம் எழுத்தாளர் ஜோர்டனுக்கு எழுதியிருந்த இரங்கல் குறிப்பு அவர் கண்ணில் பட்டது. அந்த இளைஞரின் நாவலொன்றை வாசித்துப் பார்த்து, தொலைபேசியில் அழைத்து, முடித்துத் தருவீர்களா என்று கேட்டார். ஒரு புத்தகமாகத் திட்டமிட்டது மூன்றாக நீண்டு 2013இல் முடிந்தது. ஜோர்டன் எழுதிவைத்த கடைசிக் காட்சியோடுதான் முடிந்தது.

அங்கும் குறை சொல்லாமல் இல்லை. சாண்டர்சனின் முதல் புத்தகம் வந்தபோது மட் கோதன் என்ற பாத்திரம் சரியாக வரவில்லை, அவனுடைய நகைச்சுவை இப்படி இராது என்று வாசகர்கள் முறையிட்டார்கள். சாண்டர்சன் அதை ஒப்புக்கொண்டார். பல்லாயிரம் பக்கங்களைப் பலமுறை வாசித்தவர், பக்கத்தில் ஆசிரியரின் மனைவி, கையில் குறிப்புகள், இருந்தும் ஒரு பாத்திரம் பேசும் விதம் பிடிபட நாள் எடுத்தது. 14ஆவது புத்தகத்துக்குப் பிறகு ஜோர்டன் எழுத நினைத்திருந்த வேறு கதைகளுக்கு ஓரிரு வரிகளே மிஞ்சியிருந்தன. அதை வைத்து எழுதினால் அது ஜோர்டனின் கதையாக இராது என்று இருவரும் அங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். விற்றிருக்கும் என்பதில் சந்தேகமே இல்லை.

ஒரு சுவையான விடயம். ஜோர்டன் தன் தொடரைத் தொடங்குவதற்கு முன் 1980களில் ஏழு கோனன் நாவல்கள் எழுதினார். கோனனைப் படைத்த ரொபர்ட் ஈ. ஹோவர்ட் இறந்தது 1936இல். ஆக, இறந்தவரின் நாயகனை எழுதித்தான் அவரும் தொழில் பழகினார்.

ஜேம்ஸ் பொண்டை எடுத்துக்கொண்டால் இது பரம்பரைத் தொழில்போல. இயன் பிளெமிங் 1964இல் இறந்தார். நான்கே ஆண்டுகளில் கிங்ஸ்லி ஏமிஸ், ரொபர்ட் மார்க்கம் என்ற புனைபெயரில் புதிய பொண்ட் நாவல் எழுதினார். பிளெமிங்கின் மனைவி ஆனுக்கு இது அறவே பிடிக்கவில்லை. அவர் எழுதிய காரசாரமான விமர்சனத்தைப் பத்திரிகை அச்சிடவில்லை. பிறகு வந்த ஜோன் கார்ட்னர், பிளெமிங் எழுதியதைவிட அதிகமான பொண்ட் நாவல்களை எழுதினார். இன்னும் தொடர்கிறது.

அமெரிக்க நாவலாசிரியை வி. சி. ஆன்ட்ரூஸ் விடயம் இன்னும் விசித்திரம். 1986இல் அவர் இறந்த பிறகு அண்ட்ரூ நைடர்மன் என்பவர் அவருடைய பெயரிலேயே எழுதினார். அட்டையில் இறந்தவரின் பெயர் தொடர்ந்தது. வரி அதிகாரிகள் வந்து, அந்தப் பெயரே ஒரு சொத்து, அதற்கும் வரி கட்டவேண்டும் என்றார்கள். வழக்குப் போய், பெயருக்கு மதிப்புப் போட்டு வரி அறவிடலாம் என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது.

வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனவர்களும் உண்டு. டின்டினைப் படைத்த எர்ஜே, தனக்குப் பிறகு யாரும் டின்டினை வரையக்கூடாது என்றார். 1983இல் அவர் இறந்தபோது பாதியில் நின்ற கதை, 1986இல் பென்சில் கோடுகளாகவே அச்சாகியது. கடைசிக் கட்டத்தில் டின்டின் ஆபத்தில் நிற்கிறான். காப்பாற்ற ஆளில்லை. ஆனால் அஸ்டெரிக்ஸை வரைந்த உடெர்சோ, தன்னோடு தொடர் முடியும் என்று சொல்லிவந்தவர், பின்னர் மனம் மாறி உரிமையைப் பெரிய பதிப்பகமொன்றுக்கு விற்றார். அவருடைய சொந்த மகளே பத்திரிகையில் எழுதி எதிர்த்தார். கோல் கிராமத்தின் கதவை ரோமர்களுக்குத் திறந்துவிட்டது போல என்பது அவர் வாதம். தந்தைக்கும் மகளுக்கும் இடையில் பெரிய வழக்கே நடந்தது. 2013இலிருந்து புதியவர்கள்தான் எழுதுகிறார்கள், வரைகிறார்கள். இங்கிலாந்தின் டெரி பிராட்செட் வழி வேறு. எழுதி முடிக்காதவை இருக்கும் கணினி வன்தட்டை நீராவி ரோலரால் நசுக்கவேண்டும் என்பது அவர் விருப்பம். 2017 ஓகஸ்டில் அவருடைய உதவியாளர் அப்படியே செய்து படமும் வெளியிட்டார். வேடிக்கையாகத் தெரியும். ஆனால் இந்தக் கட்டுரையில் வரும் எல்லாரிலும் தெளிவாக ஏற்பாடு செய்தவர் அவர்தான்.

தமிழில் இது புதிதல்ல. லயன் - முத்து கொமிக்ஸ் வாசித்து வளர்ந்தவர்களுக்கு லக்கி லூக் தெரியும். அவரைப் படைத்த மொரிஸ் 2001இல் இறந்த பிறகும் வேறு ஓவியரின் கையால் லக்கி லூக் குதிரையேறிக்கொண்டே இருக்கிறார். கல்கியின் பொன்னியின் செல்வன் 1954இல் முடிந்தது, அதே ஆண்டு டிசம்பரில் அவர் மறைந்தார். சட்டென்று முடித்துவிட்டீர்களே என்று கேட்ட வாசகர்களுக்காக, பாத்திரங்களுக்குப் பின்னாளில் என்ன ஆனது என்று முடிவுரையில் சுருக்கமாகச் சொல்லியிருந்தார். அது போதவில்லை. விக்கிரமனின் 'நந்திபுரத்து நாயகி' அந்தக் கதையின் தொடர்ச்சியாக வந்தது. அவருக்குப் பின்னும் பலர் எழுதினார்கள். கல்கியின் எழுத்துகள் நாட்டுடைமையாகிவிட்டதால் இப்போது யாரும் யாரையும் கேட்கவேண்டியதில்லை. வந்தியத்தேவன் சோழ வரலாற்றில் பெயருள்ள ஆள், அவன் யாருக்கும் சொந்தமில்லை என்றும் வாதிடலாம். நந்தினி அப்படியல்ல, அவள் கல்கியின் பிள்ளை.

இலங்கையில் 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி ஆசிரியரின் வாழ்நாளும் அதற்குப் பின் 70 ஆண்டுகளும் பதிப்புரிமை உண்டு. எழுதிவைக்காவிட்டால் வீடு, காணிபோல அதுவும் வாரிசுகளுக்குப் போகும். அந்த வாரிசுகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியுமா, அவர்கள் ரொறன்ரோவில் இருக்கிறார்களா ஒஸ்லோவில் இருக்கிறார்களா என்று சட்டம் கேட்காது. நாலு பேருக்குச் சமபங்கு என்றால் மறுபதிப்புக்குக்கூட நாலு கையெழுத்துத் தேடவேண்டும். மரணசாசனம் எழுதுவது பெரிய வேலையல்ல. 1840ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி நொத்தாரிசு முன்னிலையில் இரண்டு சாட்சிகள், நொத்தாரிசு இல்லாவிட்டால் ஐந்து சாட்சிகள். என் எழுத்தை யார் பார்த்துக்கொள்வது, முடிக்காததை யாராவது முடிக்கலாமா என்று அதில் இரண்டு வரி சேர்த்தால் போதும். எனக்குத் தெரிந்த எழுத்தாளர்களில் காணிக்கு உறுதி வைத்திருக்காதவர் இல்லை. எழுத்துக்கு இப்படி இரண்டு வரி எழுதியவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. நானும் அண்மையில்தான் எழுதினேன்.

என் நண்பரும் எழுதியிருக்கவில்லை. பத்திரிகைக்கு நான் சம்மதித்து, 20ஆவது, 21ஆவது அத்தியாயங்களை எழுதினேன். கடிதத்தை வெளிநாட்டிலிருக்கும் மகனுடையதாக ஆக்கினேன். அதுதான் பொருத்தமாகப் பட்டது. பத்திரிகைக்கு அனுப்புமுன் அவருடைய மனைவியிடம் கொண்டுபோனேன். சட்டப்படி அவர் உரிமைக்காரர் என்பதற்காக அல்ல, ஒவ்வோர் அத்தியாயத்தையும் அச்சுக்கு முன் வாசித்தவர் அவர்தான் என்பதற்காக. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு விறாந்தையிலிருந்து முழுவதையும் வாசித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறியள் அண்ணை. ஆனால் ராசம்மா இப்பிடிக் கதைக்கமாட்டா."

எப்படிக் கதைப்பா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுச் சிரித்தார்.

"அவருக்குத்தான் தெரியும்."

அந்த வாரம் பத்திரிகையில், தொடர் இத்துடன் நிறுத்தப்படுகிறது என்று மூன்று வரி அறிவித்தல் வந்தது. கொப்பியைத் திருப்பிக் கொடுக்கப் போனபோது அவர் வாங்கிக்கொண்டு, என்னுடைய இரண்டு அத்தியாயங்களையும் அதற்குள் மடித்து வைத்தார்.